பச்சை எரியும் வரைக்கும்

கை தட்டக் கூடாது என்று அந்தோணி சொல்லி முடித்ததும் கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

அந்தோணி சாப்பாட்டு பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் மிக்சி மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் லைன் சூப்பர்வைசர். பேசிப் பழக்கமில்லாத மனிதர். இதற்கு முன் அவர் பெஞ்சின் மேல் ஏறி நின்றது பள்ளிக்கூடத்தில், அதுவும் சொந்த விருப்பத்தில் அல்ல.

"இன்னாபா இது? இப்பத்தானே தட்டக் கூடாதுன்னு சொன்னேன்?"

"நல்லா பேசினண்ணா, அதான் தட்டினோம்" என்றான் தீனா. மிஷின் ரிப்பேர் பார்க்கும் மெயின்டனன்ஸ் ஆள் அவன். "பேசினா தட்டுவோம், பாடினா தட்டுவோம். கூட்டம்னா அதானே?"

"இது வேற கூட்டம்டா. சனிக்கிழமை எம் பொண்ணு கச்சேரி. நானூறு பேர் வந்து மண்டபத்த ரொப்பணும். ஆனா ஒருத்தன் கை தட்டக் கூடாது."

"அப்ப நானூறு பேர் எதுக்குண்ணா? நாலு பேர் போதுமே."

மகள் ஷைனி சொன்னதை அந்தோணி அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஷைனி மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் பிடித்துப் பழகிய பெண். பிறகு மீஞ்சூர் வழியாக ரயில் ஏறி ஏறி இறங்கி, சென்னையில் பெரிய வாத்தியக் குழு ஒன்றில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். அந்தக் குழுவுக்கு ஒரு வினோதமான தொழில். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் பட்டணத்துச் சங்கீத மண்டபங்களில் வெள்ளைக்காரர் கச்சேரி எப்படி நடந்ததோ, அதை அச்சு அசலாக இன்றைக்கு நடத்திக் காட்டுவார்கள். ஆண்கள் வால் வைத்த கறுப்புக் கோட்டு போடுவார்கள். பெண்கள் தரையைப் பெருக்கும் கவுன் அணிவார்கள். மேடை முழுக்க மெழுகுவர்த்தி, பாதுகாப்பை உத்தேசித்து பேட்டரியில் எரிவது. எல்லோரும் சேர்ந்து ஒன்று வாசிப்பார்கள், நடுவே ஒரு அம்மாள் பாடுவார், பிறகு ஒருவர் தனியாக நின்று வாசிப்பார். கதம்பம் மாதிரி.

குழுவை நடத்தும் வீரராகவனுக்கு, சென்னையில் கேட்டவர்களே திரும்பத் திரும்பக் கேட்பதில் சலிப்பு வந்துவிட்டது. இதுவரை கேட்டே இராத ஜனங்களிடம் போக வேண்டும் என்றார். ஷைனி வாய் சும்மா இருக்காமல், "எங்க ஊர்ல பைபாஸ் ரோடு மேலயே ஒரு கல்யாண மண்டபம் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இந்தக் கச்சேரி முடிந்ததும் ஷைனியைப் பர்மனென்ட் ஆக்குவதா வேண்டாமா என்று வீரராகவன் முடிவு செய்யப் போகிறார். அதற்காகத்தான் அந்தோணி பெஞ்சில் ஏறினார். கும்மிடிப்பூண்டியில் கோயிலுக்கும் குறைவில்லை, சாமிக்கும் குறைவில்லை. ஆனால் பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டால் எந்த மதத்துக்காரனும் ஒரு விநாடி கண்ணை மூடுவான். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பையன் கறுப்பா சிவப்பா என்று பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். அந்தோணியே தலை நரைக்கும் வரை காண்ட்ராக்டில் இருந்து, பிறகு பர்மனென்ட் ஆனவர். அன்றைக்கு அவர் மனைவி ரோசம்மாள் தெருவுக்கே பிரியாணி போட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷைனி போனில் சொன்னாள்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு. யாரும் கை தட்டக் கூடாது."

"முடிஞ்சப்புறம் தட்டலாமில்ல?"

"ஒரு பாட்டு முடிஞ்சாலும் தட்டக் கூடாது. கடைசில நாங்க எல்லாரும் நின்னுகினு கும்புடுவோம், அப்ப தட்டிக்கலாம். நான் தனியா வாசிக்கறப்ப மட்டும் மூச்சு சத்தம் கூட வரக் கூடாது. இது அந்தக் காலத்து சங்கீதம் நைனா. தட்டினா அசிங்கம்."

"வீரராகவன் சாரு கோச்சுக்குவாரா?"

அந்தப் பக்கம் வயலின் பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"என் வேல போயிடும் நைனா" என்றாள் ஷைனி.

பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு சுத்தம் செய்துகொண்டிருந்த ரோசம்மாளுக்கு இது பிடிக்கவே இல்லை. "கோயில்ல சின்னப் புள்ளைங்க தப்புத் தப்பா பாடினாலே தட்டறோம். எம் பொண்ணு வாசிக்கும், நான் கைய கட்டிக்கினு குந்தினு இருக்கணுமா?"

"கட்டிக்கினு குந்து. பர்மனென்ட்டு விஷயம்" என்றார் அந்தோணி. அந்தச் சொல்லுக்கு ரோசம்மாளிடமும் மறுப்பு கிடையாது.

கேன்டீனில் தீனா தன் போனில் அந்த மாதிரி சங்கீதம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அந்தோணியும் சம்மதித்தார். வயலின்கள் ஏறின, இறங்கின, சட்டென்று நின்றன. எல்லோரும் பட்டென்று தட்டினார்கள். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"அது நாலு துண்டா வரும்பா. துண்டுக்குத் துண்டு நிறுத்துவாங்க" என்றார் அந்தோணி.

"எப்ப முடியுதுன்னு எப்படிண்ணா தெரியும்?"

"நான் முன்னாடி குந்தினு இருப்பேன். முடிஞ்சா கைய தூக்கறேன்."

அந்தோணி கையைத் தூக்கிக் காட்டினார். பின் வரிசையில் இருந்த பச்சையப்பன், "நீ குந்தினு கீறியா நின்னுகினு கீறியான்னே இங்கிருந்து தெரியலண்ணா" என்றான். அந்தோணியின் உயரம் அப்படி. பெஞ்சிலிருந்து அவர் இறங்கியதும் பாதிப் பேருக்கு அவர் காணாமலே போய்விட்டார்.

அப்போதுதான் தீனாவுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை வராமலே இருந்திருக்கலாம்.

அவர்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒரு விளக்குக் கம்பம் உண்டு. மூன்று நிறம். பச்சை எரிந்தால் லைன் ஓடுகிறது. யாரும் வேலையிலிருந்து கையை எடுக்கக் கூடாது, மாற்று ஆள் வந்து உட்காராமல் இடத்தை விட்டு எழக் கூடாது. மஞ்சள் எரிந்தால் சாமான் தீரப் போகிறது. சாமான் கொண்டுவரும் லோகு தள்ளுவண்டியோடு ஓடி வருவான். சிவப்பு எரிந்தால் மிஷின் படுத்துவிட்டது. கூடவே ஒரு பஸர் அலறும், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்கள், மெயின்டனன்ஸ் ஆட்கள் பாய்ந்து வருவார்கள். இது அந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய சமாச்சாரம். வீட்டில் பெண்டாட்டி பச்சைப் புடவை கட்டினாலே சிலர் பேசாமல் வேலை பார்ப்பார்கள்.

"ஸ்டோர்ல ஒரு பழைய விளக்கு கீதுண்ணா" என்றான் தீனா. "அத்த மேடையாண்ட நிக்க வெச்சுடலாம். பச்சை எரிஞ்சா கச்சேரி ஓடிக்கினு கீதுன்னு அர்த்தம். ஓடற லைன்ல எவனாச்சும் கைய எடுப்பானா? அணைஞ்சா முடிஞ்சிச்சு, தட்டலாம்."

அந்தோணி அவனைக் கட்டிக்கொண்டார். மேனேஜரும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை மாலை மண்டபம் நிரம்பிவிட்டது. முதல் ஷிப்ட் முடித்தவர்கள் யூனிபாரத்தோடே வந்துவிட்டார்கள், குடும்பங்களும் வந்தன. ரோசம்மாள் கல்யாணப் புடவையில் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அந்தோணி, மடியில் மூன்று பொத்தான் வைத்த சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒயர் போய் மேடையின் வலது மூலையில் இருந்த விளக்குக் கம்பத்தில் சேர்ந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் பியானோ. சென்னையிலிருந்து லாரியில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் அதன் மிதிக்கட்டை ஒவ்வொரு மிதிக்கும் கீச் கீச் என்றது. சரி செய்ய நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள்.

வீரராகவன் வால் கோட்டில் வந்து நின்றார். மைக்கை எடுத்துவிடச் சொன்னார். அந்தக் காலத்தில் மைக் ஏது என்று அவருக்கு வாதம். நியாயம்தான், ஆனால் அந்தக் காலத்தில் அந்த மண்டபத்து மின்விசிறிகளும் கிடையாது. தலைக்கு மேலே அவை போட்ட இரைச்சலில் அவர் ஆற்றிய முன்னுரை முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தோணிக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது. வீரராகவன் சிரித்தார், ஜனங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார், பிறகு பட் பட் என்று இரண்டு முறை கையைத் தட்டினார்.

"கொசு" என்றார் அந்தோணி ரோசம்மாளிடம். உடனே லோகுவைக் கூப்பிட்டு, மேடை ஓரத்தில் கொசுவர்த்தி ஏற்றி வைக்கச் சொன்னார். லோகு தாராள மனசுக்காரன். நாலு மூலைக்கும் சுருள் சுருளாக ஏற்றிவிட்டான்.

அந்தோணி பச்சையை அழுத்தினார். கச்சேரி ஆரம்பித்தது.

முதல் பாட்டு நடுவில் நின்றது. நானூறு பேரும் விளக்கைப் பார்த்தார்கள். பச்சை. ஒரு கை அசையவில்லை. பாட்டு முழுசாக முடிந்தது. மறுபடி விளக்கைப் பார்த்தார்கள். பச்சை. மண்டபத்தில் மின்விசிறி தவிர ஒரு சத்தமில்லை. வீரராகவன் ஜனங்கள் பக்கம் திரும்பி, புன்னகையோடு கொஞ்ச நேரம் நின்றார். புன்னகை மெல்ல மெல்ல வற்றியது. திரும்பிக்கொண்டார்.

அந்தோணிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, டெஸ்ட் பண்றாரு" என்றார். வயலின்காரர்களின் இரண்டாம் வரிசையில் ஷைனி உட்கார்ந்திருந்தாள். அவளும் அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அந்தோணி இன்னும் நானூறு பேரைக் கூட்டி வந்திருப்பார்.

இரண்டாவது பாட்டுக்கும் அப்படித்தான். பாடிய அம்மாளுக்கும் அப்படித்தான். அந்த அம்மாள் பாடி முடித்து, குனிந்து வணங்கி, நிமிர்ந்து பார்த்து, மறுபடி ஒரு தடவை வணங்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கர்சீப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பச்சை விளக்கு எரிய எரிய ஜனங்கள் லைனில் உட்கார்ந்த மாதிரியே விறைத்துக்கொண்டார்கள். சில பேருடைய விரல்கள் தொடை மேல் தானாக ஸ்க்ரூ முடுக்கின. பச்சையப்பனுக்கு பாத்ரூம் வந்தது. அவன் எழுந்து போகவில்லை. முறைப்படி கையைத் தூக்கினான். சுவர் ஓரம் நின்ற ஒருவன் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், பிறகுதான் பச்சையப்பன் எழுந்தான். இதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. வரிசைக்கு வரிசை கை தூக்கினார்கள். ஒருவர் வந்து உட்கார, ஒருவர் எழுந்து போக, போனவர் வந்து உட்கார்ந்தவரின் தோளைத் தட்ட என்று மண்டபம் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. வீரராகவன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வேறு முகங்கள் இருந்தன. அவர் கழுத்தில் வியர்வை ஓடுவதை அந்தோணி பார்த்தார்.

அதோடு கொசுவர்த்திப் புகை வேறு. வீரராகவன் இருமினார். குழல் வாசிக்கிறவர் இருமினார். பிறகு மேடை முழுக்கத் தாளத்தோடு இருமியது.

"அந்த மனுசனுக்குத் தண்ணி குடுய்யா, செத்துடப் போறாரு" என்றாள் ரோசம்மாள்.

லோகு மண்டபத்தின் பின்கதவில் நின்றுகொண்டிருந்தான். கத்தினால் அசிங்கம், எழுந்து போனால் மாற்று ஆள் வேண்டும். அந்தோணி யோசித்து, மஞ்சள் பொத்தானை அழுத்தினார். லோகு புரிந்துகொண்டு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவருவான் என்று நினைத்தார்.

லோகு நன்றாகவே புரிந்துகொண்டான். மஞ்சள் எரிந்தால் கையில் இருக்கிற சாமானை லைன் முழுக்கக் கொடுக்க வேண்டும், முதல் ஆளிலிருந்து வரிசையாக. அவன் கையில் இருந்த சாமான், இடைவேளைக்காகப் போட்டு வைத்திருந்த போண்டாவும் டீயும். தள்ளுவண்டியோடு நேராக மேடை ஏறிவிட்டான். பாட்டு நடந்துகொண்டிருந்தது. வில் பிடித்திருந்த அம்மாளின் மடியில் ஒரு போண்டா வைத்தான். குழல்காரரின் இடது கையில் ஒன்றைத் திணித்தான். அவர் ஊதுவதா தின்பதா என்று தெரியாமல் இரண்டு மூன்று ஸ்வரங்களை விட்டுவிட்டார். ஆளுயர வயலினைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் கை ஒழியவில்லை என்று பார்த்து, வாயிலேயே வைத்துவிட்டான். ஷைனி தன் போண்டாவை வாங்கிக் கொண்டு, அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தோணி முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தால், வீரராகவன் இடது கையில் டீ கிளாஸும் வலது கையில் குச்சியுமாக, உறிஞ்சிக்கொண்டே கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். சாயங்காலத்தில் முதல் தடவையாக அந்த மனிதரின் முகத்தில் ஒரு சந்தோஷம். டீ குடித்தால் தெளிகிற ஆள் போல என்று அந்தோணி தேற்றிக்கொண்டார். இனிமேல் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை என்று மனசுக்குள் மாதாவுக்கு வாக்குக் கொடுத்தார்.

பிறகு ஷைனி எழுந்து முன்னால் வந்தாள்.

தரை தொடும் நீல கவுனில் அவள் யாரோ மாதிரி இருந்தாள். வயலினைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்ததும் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள். கரன்ட் போன இரவுகளில் மாடிப்படியில் உட்கார்ந்து பழகும்போது அப்படித்தான் சாய்ப்பாள். பியானோ மெதுவாகத் தொடங்கியது, கீச் கீச் என்ற மிதிக்கட்டையோடு. அதன் மேல் வயலின் ஏறியது. அந்தோணிக்கு அந்தச் சங்கீதம் ஒரு வரி புரியாது. ஆனால் நடுவில் ஓர் இடத்தில் அது கீழே போய்ப் போய், இனி எழவே எழாது என்று நினைத்தபோது எழுந்து நின்றது. அங்கே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் ரோசம்மாள் கட்டிய கைகளைத் தன் நகத்தாலேயே அழுத்திக்கொண்டிருந்தாள்.

முடிந்தது.

நானூறு பேர் விளக்கைப் பார்த்தார்கள். பச்சை. யாரும் அசையவில்லை. பச்சையப்பன் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கூட அவன் கையை எடுக்கவில்லை. வீரராகவன் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி இரண்டு கைகளையும் ஏந்தினார். ஏதோ பிச்சை கேட்பதைப் போல இருந்தது. ஷைனி அவசரமாகக் குனிந்து வணங்கிவிட்டு, விடுவிடுவென்று தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்தது அழுகையா வேறு ஏதாவதா என்று அந்தோணிக்குக் கண்ணீருக்குள் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது அவள் முதுகுதான்.

இவ்வளவு வாசித்துவிட்டு ஒரு சத்தமும் கேட்காமல் போகிறாளே என்று இருந்தது அவருக்கு. பர்மனென்ட் ஆனால் ஆகட்டும், ஆகாவிட்டால் போகட்டும். தகப்பன் என்று ஒருவன் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு பெற்ற பெண்ணைச் சும்மா அனுப்புவதா? விளக்கை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தார். கண்ணை ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறு கையால் பெட்டியைத் தடவி அழுத்தினார்.

பச்சை அப்படியே எரிந்தது. அதற்கு மேலே சிவப்பும் எரிந்தது. பஸர் அலறியது.

நானூறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றார்கள்.

தீனா மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் இரவு ஷிப்ட் பார்த்தவன், மெதுவான சங்கீதத்தில் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பஸர் சத்தத்தில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் கால் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னாலேயே மெயின்டனன்ஸ் ஆட்கள் ஓடினார்கள். எல்லோரும் மேடையில் பாய்ந்து ஏறினார்கள்.

"எந்த மிஷினு சார்?" என்றான் தீனா வீரராகவனிடம். பாக்கெட்டிலிருந்து ஸ்பேனர் வெளியே வந்துவிட்டது.

வீரராகவன் அன்றைக்கு எதற்கும் ஆச்சரியப்படும் கட்டத்தைத் தாண்டியிருந்தார். நிதானமாகப் பியானோவைக் காட்டினார்.

"பெடல்."

தீனா பியானோவுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். ஒருவன் டார்ச் அடித்தான், ஒருவன் கிரீஸ் நீட்டினான். பியானோ வாசிக்கும் அம்மாள் கவுனை ஒதுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். "இப்ப மிதிம்மா" என்றான் தீனா அடியிலிருந்து. அவர் வந்து மிதித்தார். சத்தமில்லை. "இன்னொருக்கா மிதி." சத்தமே இல்லை.

தீனா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். ரிப்பேர் முடிந்ததும் விளக்கை நிறுத்திவிட்டுப் போவதுதான் மெயின்டனன்ஸ்காரனின் கடைசி வேலை. பழக்க தோஷத்தில் கம்பத்தின் ஒயரைப் பிடித்து இழுத்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் அணைந்தன.

பச்சை அணைந்துவிட்டது.

சாயங்காலம் பூராவும் நானூறு பேர் கைக்குள் வைத்திருந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. மண்டபத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. பச்சையப்பன் விசிலடித்தான். சுவரோரம் நின்ற மாற்று ஆட்கள் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார்கள். முன் வரிசையில் கல்யாணப் புடவை ஓர் அடி முன்னால் வந்தது.

"ஒன்ஸ் மோர்" என்றாள் ரோசம்மாள். காசிமேட்டு மீன் ஏலத்திலும் எடுபடக்கூடிய குரல் அது. அதற்கு மேல் மின்விசிறி என்ன செய்யும்.

"ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்" என்று மண்டபமே எடுத்துக்கொண்டது.

ஷைனி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அந்தோணி நாற்காலியோடு சேர்ந்து தரைக்குள் போய்விட நினைத்தார். வீரராகவன் குச்சியால் முன்னால் வா என்று காட்டினார். அவள் வந்தாள்.

இரண்டாம் தடவை ஆரம்பத்திலேயே ஓர் அபஸ்வரம் தட்டியது. அது அபஸ்வரம் என்று தெரியாத ஜனங்கள் அதற்கும் தட்டினார்கள். ஷைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு அவள் எதிரே இருந்த தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். கீச் சத்தம் இல்லாத பியானோ அவளுக்குப் பின்னால் ஓடி வந்தது. அந்தக் கீழே போகும் இடத்தில் முதல் தடவையை விட ஆழமாகப் போனாள். எழுந்தபோது மண்டபமும் கூட எழுந்தது.

அப்புறம் யாரும் விளக்கைத் தேடவில்லை. தோன்றிய இடத்தில் தட்டினார்கள், பாடும் அம்மாளைத் திரும்பக் கூப்பிட்டு மூன்று தடவை பாட வைத்தார்கள், குழல்காரரிடம் போண்டா தின்றுவிட்டு நிதானமாக வாசிக்கச் சொன்னார்கள். அந்தோணி மட்டும் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு பர்மனென்ட்டுக்குத் துக்கம் காத்தார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ரோசம்மாளோடு மேடைக்குப் போனார். ஷைனி ஓரமாக வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வீரராகவன் வால் கோட்டைக் கழற்றிவிட்டு, மீதி இருந்த போண்டாவைத் தின்றுகொண்டிருந்தார்.

"சார், மன்னிச்சுக்குங்க" என்றார் அந்தோணி. "அவ மேல தப்பே இல்ல. எல்லாம் என்னால வந்தது. எங்க ஆளுங்க பேஜார் பண்ணிட்டாங்க."

"எதுக்கு மன்னிப்பு?"

"கை தட்டினதுக்கு சார்."

வீரராகவன் போண்டாவை மெல்லுவதை நிறுத்தினார். "கை தட்டினதுக்கா? அதுக்கு முன்னாடி ஏன் தட்டலைன்னுதான் நான் செத்துப் பிழைச்சேன். அந்தக் காலத்து மண்டபத்துல ஜனங்க பாட்டு நடுவுலயே தட்டுவாங்க சார். சாப்பிடுவாங்க, எழுந்து போவாங்க, வருவாங்க. பிடிச்சிருந்தா திரும்ப வாசின்னு கத்துவாங்க. அந்த மாதிரி இருங்கன்னுதானே ஆரம்பத்துல நானே தட்டிக் காட்டினேன்?"

"அது கொசு இல்லீங்களா?" என்றார் அந்தோணி.

"நாங்க போன எந்த ஊர்லயும் இப்படி ஒரு கூட்டம் அமையலை. உங்க பொண்ணு திங்கட்கிழமை வரட்டும். இனிமே அவ பர்மனென்ட்."

அந்தோணிக்கு அந்தச் சொல் காதில் விழுந்து, கண்ணை மூடித் திறந்து, இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. ரோசம்மாள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஷைனி எதுக்கு சார் தட்டினா அசிங்கம்னு சொல்லிச்சு?" என்றார் அந்தோணி. "வேலயே போயிடும்னு சொல்லிச்சே?"

மூன்று பேரும் ஷைனியைப் பார்த்தார்கள். அவள் ஏற்கெனவே மூடியிருந்த வயலின் பெட்டியைத் திறந்து மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். கழுத்து வரை சிவந்திருந்தது.

வீரராகவனுக்கு விஷயம் புரிந்து, சிரிப்பு பொங்கி, போண்டா புரையேறியது.

"'ஜனங்க கை தட்டிக் கேட்டா ரெண்டாம் தடவையும் நல்லா வாசிச்சாத்தான் பர்மனென்ட், யாருமே கேக்கலைன்னா ஒரு தடவை வாசிச்சதே போதும்'னு போன வாரம் அவகிட்ட நான்தான் சார் சொல்லியிருந்தேன்."